கப்பியா, மோலியா, பிளாட்டியா? முதலில் குழாய்த் தண்ணீரைப் பாருங்கள்

கோவையில் இருக்கும் அக்கா மகள் போன மாதம் போன் செய்தாள். "சித்தி, ரெண்டடி தொட்டி வாங்கிட்டேன். குட்டி போடுற மீன்தான் வளர்க்கணும்னு ஆசை. கருப்பு மோலி வாங்கவா, கப்பி வாங்கவா?"

"உங்க வீட்டுல என்ன தண்ணி வருது?" என்று கேட்டேன்.

"சிறுவாணி."

"அப்போ மோலி வேண்டாம்."

அவளுக்கு ஏமாற்றம். சென்னையில் என் வீட்டுத் தொட்டியில் கருப்பு மோலி பல வருடமாகக் குட்டி போட்டுப் பெருகிக்கொண்டிருப்பதை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். உங்கள் வீட்டில் வளர்வது எங்கள் வீட்டில் ஏன் வளராது என்று கேட்டாள். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். முதல் தொட்டி வைக்கப்போகும் எல்லோருக்கும் இதே குழப்பம் வருகிறது.

கடையில் குட்டி போடும் மீன் என்று கேட்டால் பெரும்பாலும் நான்கு வகை காட்டுவார்கள்: கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில். நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, குட்டி வெளியே வந்த நிமிடமே நீந்தத் தொடங்கிவிடும். ஆணையும் பெண்ணையும் அடையாளம் காண்பதும் சுலபம். ஆணுக்கு வயிற்றுக்குக் கீழே உள்ள துடுப்பு ஒடுங்கி ஒரு குச்சி போல இருக்கும், பெண்ணுக்கு அதே துடுப்பு விசிறி போல விரிந்திருக்கும். பெண்ணின் வால் பக்கத்து வயிற்றோரம் தெரியும் கருநிறப் பொட்டு சினை முற்ற முற்றப் பெரிதாகும். கருப்பு மோலியில் மட்டும் அந்தப் பொட்டைப் பார்க்க முடியாது, வயிறு பருப்பதை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் நிறம் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பருப்பு வேகாத தண்ணீர்

நான் முதலில் வாங்கியவை ஆறு கருப்பு மோலிகள். மீனுக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் சமையலுக்கு வைத்திருந்த, தாது உப்புகள் நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரையே தொட்டியில் ஊற்றினேன். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பத்தாவது நாள் மோலிகள் நகராமல் ஓரிடத்தில் நின்றபடி உடம்பை மட்டும் இடமும் வலமும் ஆட்டத் தொடங்கின. துடுப்புகள் ஒட்டிக்கொண்டன. ஒரு மாதத்துக்குள் நான்கு போய்விட்டன. மருந்து வாங்கி ஊற்றினேன், பயனில்லை. கடைசியில் கீழ்வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு, "போர் தண்ணிய விட்டுப் பாரும்மா" என்றார். வாளியில் வெள்ளைப் படிவு கட்டும் அந்தத் தண்ணீரை நான்கைந்து நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். மிஞ்சிய இரண்டும் பிழைத்தன. அவற்றின் வம்சம்தான் இன்று என் வீட்டில் இருப்பது.

காரணம் எளிது. மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் மூன்றுக்கும் பூர்வீகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். அங்கே பல இடங்களில் சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருக்கும். நாம் உப்புத் தண்ணி, கடினத் தண்ணி என்று அலுத்துக்கொள்வது இவற்றுக்குப் பிறந்த வீடு. கப்பியின் ஊர் வெனிசுவேலா, டிரினிடாட் பக்கம். அதற்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நான்கிலும் விட்டுக்கொடுக்கவே தெரியாதது மோலி.

உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. துவரம்பருப்பு வேக நேரமாகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, குழாய் முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? அது கடினத் தண்ணீர். மோலியைத் தைரியமாக வாங்கலாம். சென்னைக் கடற்கரையோரம் கடல்நீர் ஏறி லேசாக உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில்கூட மோலி நன்றாக இருக்கும். பழக்கினால் கடல்நீரிலேயே வாழக்கூடிய மீன் அது. மாறாகச் சிறுவாணி போல சோப்பு பொங்கி நுரைக்கும் மென்மையான தண்ணீர் என்றால் மோலி முதல் மீனாக வேண்டாம்.

டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டாலும் எண் ஏறும், ஆனால் அதனால் கால்சியம் வந்துவிடாது. மென்மையான தண்ணீரை மாற்ற வேண்டுமென்றால் கழுவிக் காயவைத்த கிளிஞ்சலை ஒரு வலைப்பையில் கட்டித் தண்ணீர் ஓட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். பிளாட்டிக்கும் கப்பிக்கும் இந்த ஏற்பாடு போதும். மோலிக்கு இது போதுமா என்பது ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் கவலையாகவே இருக்கும்.

கப்பி

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் இதுதான். ஆண் மூன்று சென்டிமீட்டர், பெண் ஐந்து ஆறு வரை. ஒன்றரை அடித் தொட்டியில்கூட ஒரு சின்னக் கூட்டம் வைக்கலாம். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி, ஒரு ஈற்றில் இருபதிலிருந்து ஐம்பது வரை. ஒருமுறை இணைந்தாலே பெண் விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்து, ஆணே இல்லாமல் அடுத்தடுத்து குட்டி போடும். "பெண் மீன் மட்டும்தானே வாங்கினேன், குட்டி எப்படி வந்தது?" என்று ஆச்சரியப்படுபவர்களுக்குப் பதில் இதுதான். பிளாட்டி, மோலி, ஸ்வார்ட்டெயிலும் இப்படித்தான்.

டிரினிடாட்டிலிருந்து இந்த மீனை லண்டனுக்கு அனுப்பியவர் ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி. 1866இல் அவர் பெயரையே மீனுக்கு வைத்தார்கள். அதற்கு ஏழு வருடம் முன்பே, 1859இல், வெனிசுவேலா மீனை வைத்து வேறொருவர் அறிவியல் பெயர் சூட்டிவிட்டதால் அந்தப் பெயர் நிற்கவில்லை, கூப்பிடும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காக 1908 வாக்கிலேயே இந்தியாவுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நம் ஊர்க் கிணறுகளிலும் சாக்கடை ஓரங்களிலும் மங்கிய நிறத்தில் ஓடும் கப்பிகளைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கிணற்றுக் கப்பியும் கடையில் இருக்கும் கப்பியும் உடல் வலுவில் ஒன்றல்ல. பெரிய விசிறி வாலுக்காகவும் ஒரே சீரான நிறத்துக்காகவும் நெருங்கிய உறவுக்குள்ளேயே பல தலைமுறை இணைத்து எடுத்தவை கடைக் கப்பிகள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வால் கிழிந்தால் ஆறுவதற்குள் பூஞ்சை பிடிக்கிறது, தண்ணீர் கொஞ்சம் மாறினாலும் ஒடுங்கிவிடுகின்றன. அதனால்தான் "கப்பி வளர்ப்பது மிகச் சுலபம்" என்று முதல் தொட்டிக்காரரிடம் நான் சொல்வதில்லை. கப்பிதான் வேண்டுமென்றால் வால் சிறிய, கலப்பு நிறக் கப்பியாக எடுங்கள். விலையும் குறைவு, ஆயுளும் கூட.

எண்ட்லர் என்று இன்னும் சிறிய ஒன்று கிடைக்கிறது. ஆண் இரண்டரை சென்டிமீட்டர்தான், ஆனால் உடம்பெல்லாம் ஆரஞ்சும் பச்சையும் மின்னும். 1975இல் வெனிசுவேலா ஏரி ஒன்றில் ஜான் எண்ட்லர் கண்டெடுத்ததால் அந்தப் பெயர். குட்டியும் குறைவு, சின்னத் தொட்டிக்கு அருமை. கப்பியோடு ஒரே தொட்டியில் விட்டால் மட்டும் கலந்துவிடும், பிறகு இரண்டையும் பிரித்தெடுக்கவே முடியாது.

பிளாட்டி

என்னைக் கேட்டால் முதல் தொட்டிக்கு இதைத்தான் சொல்வேன். ஐந்து சென்டிமீட்டர் அளவு, குண்டு உடம்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வால் அடியில் மூன்று கரும்புள்ளி போட்ட வகை என்று விதவிதமாக இருக்கும். நீண்ட வால் இல்லாததால் கிழிவதற்கு ஒன்றுமில்லை. மற்ற மீன்களைத் துரத்தாது. போட்டதைத் தின்னும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஏறக்குறைய 55 லிட்டர் கொள்ளும். மணல், கல் போக அதில் இரண்டு ஆண், நான்கு பெண் பிளாட்டி நிம்மதியாக இருக்கும். எந்த வகையானாலும் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கை விடாதீர்கள். ஆண் அதிகமானால் பெண்ணை ஓயாமல் விரட்டி நொந்துபோக வைத்துவிடும்.

பிளாட்டிக்கு ஒரு குறை உண்டு, வெயில். இருபதிலிருந்து இருபத்தாறு டிகிரி வரைதான் அதற்குச் சுகம். கோவையில் பிரச்சினை இல்லை, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர்காலத்துக்கு ஹீட்டர் ஒன்று வேண்டியிருக்கும். சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் மே மாதத்தில் தொட்டித் தண்ணீரே முப்பத்திரண்டைத் தொடும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும், பிளாட்டி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும், மூடியைக் கம்பி வலையாக மாற்றி ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீர்மட்டத்தில் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அந்த அறைக்கு மோலிதான் பொருத்தம். இருபத்தெட்டு டிகிரியில் அது உற்சாகமாகவே இருக்கும்.

மோலி

தண்ணீர் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அது சரியாக இருந்தால் மோலிக்கு ஈடான மீன் இந்த நான்கில் இல்லை. கண்ணாடியிலும் கல்லிலும் படரும் பாசியை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். உணவில் கீரையும் வேண்டும். வேகவைத்த பாலக்கீரைத் துண்டு, தோலுரித்த பட்டாணி வாரம் இரண்டு முறை கொடுங்கள். எட்டு, பத்து சென்டிமீட்டர் வளர்வதால் இரண்டடித் தொட்டியில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். பாய்மரம் போல முதுகுத் துடுப்பு விரியும் வகை இன்னும் பெரிதாகும், அதற்கு மூன்றடித் தொட்டி தேவை. சினைக்காலமும் கொஞ்சம் நீளம், நான்கிலிருந்து ஆறு வாரம் வரை எதிர்பார்க்கலாம்.

பலூன் மோலி வேண்டாம். பந்து போல உருண்டிருப்பது குழந்தைகளுக்குப் பிடிக்கிறது, தெரியும். ஆனால் முதுகெலும்பு வளைந்து குறுகிய பிறவிக் குறையைத்தான் ஒரு வகையாக வளர்த்து விற்கிறார்கள். குறுகிய வயிற்றுக்குள் உறுப்புகள் நெருக்கிக்கொண்டிருக்க, அதிலேயே சினையும் சுமக்க வேண்டும். நான் வளர்த்த இரண்டு பெண்களும் குட்டி போட முடியாமல் இறந்தன. அதற்குப் பிறகு வாங்கவில்லை.

ஸ்வார்ட்டெயில்

ஆணின் வாலின் கீழ்நுனி வாள் போல நீண்டிருக்கும். அதன் ஓட்டத்தைப் பார்க்க மூன்றடித் தொட்டியாவது வேண்டும். இரண்டு ஆண்களை ஒரு சின்னத் தொட்டியில் விட்டால் ஒன்று மற்றதை மூலையில் ஒதுக்கிவிடும். துள்ளி வெளியே குதிக்கும், மூடி கட்டாயம். ஒரு ஈற்றில் நூறு குட்டிகூடப் போடும். இடமும் தொட்டியும் இருப்பவர்களுக்கு இரண்டாவது வருட மீன் இது.

பிளாட்டியும் ஸ்வார்ட்டெயிலும் நெருங்கிய உறவு, சேர்த்து வைத்தால் கலந்து குட்டி போடும். இன்று கடையில் விற்கும் பல நிறங்கள் அப்படி வந்தவைதான். இந்தக் கலப்பில் வேறொன்றும் வெளிப்பட்டது. பிளாட்டியின் கரும்புள்ளிகள் சில கலப்புக் குட்டிகளில் கட்டுப்பாடில்லாமல் பெருகித் தோல் புற்றுநோயாகவே மாறுவதை 1920களில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் கண்டுபிடித்தார்கள். புள்ளியை உண்டாக்கும் மரபணு ஸ்வார்ட்டெயில் பக்கம் போகும்போது, அதை அடக்கிவைக்கும் பிளாட்டி மரபணு கூடப் போகாமல் விடுபட்டுவிடுவதுதான் காரணம். புற்றுநோய் ஆய்வுக்காக இந்த மீன்களை அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் இன்றும் தலைமுறை பிசகாமல் வளர்க்கிறார்கள். வீட்டில் நமக்குத் தேவையான பாடம் சிறியது: கரும்புள்ளி நிறைந்த பிளாட்டியை ஸ்வார்ட்டெயிலோடு விடாதீர்கள்.

குட்டிகளை என்ன செய்வது

தண்ணீர் முதல் கேள்வி என்றால் இது இரண்டாவது, பலரும் கேட்க மறக்கும் கேள்வி. நான்கு பெண் பிளாட்டி, மாதம் ஒன்றுக்கு இருபத்தைந்து குட்டி என்று வையுங்கள். மாதம் நூறு. எல்லாவற்றையும் காப்பாற்றினால் மூன்றே மாதத்தில் முந்நூறு, நான்காவது மாதத்தில் முதல் ஈற்றுக் குட்டிகளே சினைப்படும். 55 லிட்டரில் இது நடக்காது. மீன் பெருகப் பெருகக் கழிவு கூடும், அதிலிருந்து வரும் அம்மோனியா எல்லா மீனையும் சேர்த்துக் கொல்லும்.

குட்டியைக் காப்பாற்ற மூன்று வழி சொல்வார்கள். தொட்டிக்குள் தொங்கும் பிரீடிங் பாக்ஸ் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் ஒரு சாண் டப்பாவுக்குள் அடைத்த சினை மீன் முட்டி மோதிக் களைத்துப்போகிறது, சில சமயம் குறைப்பிரசவம் ஆகிறது. மோலியை அதில் போடவே கூடாது. அவசியமென்றால் வயிறு சதுரமாகத் தெரியும் கடைசி நாளில் போட்டு, குட்டி வந்ததும் தாயை எடுத்துவிடுங்கள். இரண்டாவது வழி தனித் தொட்டி. ஒரு நிறத்தை, ஒரு வம்சத்தைத் தேர்ந்து வளர்க்க நினைப்பவர்களுக்கு இதுதான் சரி. ஸ்பான்ஜ் ஃபில்டர் போட்ட 20 லிட்டர் தொட்டி போதும், அது குட்டியை உறிஞ்சாது. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைத் தினம் மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் குட்டிகள் வளரும் வேகமே வேறு. முட்டை மஞ்சள் கரு கொடுப்பவர்கள் ஊசிமுனை அளவுக்கு மேல் போடாதீர்கள், மீந்தது இரவுக்குள் அழுகிவிடும். கப்பிக் குட்டியென்றால் நான்காவது வாரத்திலேயே ஆணைப் பிரித்துவிட வேண்டும்.

மூன்றாவது வழி, எதையும் பிரிக்காமல் தொட்டியில் அடர்த்தியாகச் செடி வைப்பது. ஜாவா மாஸ், ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் எதுவானாலும் சரி. தாயே குட்டியைத் தின்னும் என்பது முதலில் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் செடிக்குள் ஒளிந்து, பயந்து, தப்பித்து மாதம் நான்கைந்து குட்டி மேலே வரும். தொட்டிக்கு அந்த எண்ணிக்கைதான் சரி. என் வீட்டில் இதுவே வழக்கம், அக்கா மகளுக்கும் இதையே சொன்னேன். குட்டியே வேண்டாம், நிறம் போதும் என்பவர்கள் ஆண் கப்பி மட்டும் எட்டுப் பத்து வைத்துக்கொள்ளலாம். அது குறையே அல்ல.

மிஞ்சும் குட்டிகளை நண்பர்களுக்குக் கொடுங்கள், பழக்கமான கடைக்காரர் எடுத்துக்கொள்வார், மூடிய சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவர்கள் கொசுப்புழுவுக்காகக் கேட்பார்கள். தயவுசெய்து ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். நம் குளங்களில் தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தது போல மேல்மட்டத்தில் திரியும் சின்ன மீன்கள் ஏற்கெனவே கொசுப்புழுவைத் தின்று வாழ்கின்றன. நாம் கொண்டுபோய் விடும் கூட்டம் அவற்றின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

வாங்கப் போகும்போது

தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஃபில்டரை ஓடவிட்டு, அன்றே மீன் வாங்கப் போகாதீர்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர் ஃபில்டரில் குடியேற மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே மீன் வளர்ப்பவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பான்ஜ் ஒன்று வாங்கிப் போட்டால் அது சீக்கிரம் நடக்கும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்து, காற்றும் விடுங்கள்.

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. வளர்ப்பவர்களும் விற்பவர்களும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால் குட்டி பிறந்த தண்ணீர் எப்படிப்பட்டது என்று கேட்டே வாங்கலாம். "அண்ணா, இது போர் தண்ணியில வளர்ந்ததா?" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். உன்னிப்பாகப் பார்க்க வேண்டியவை: துடுப்பு விரிந்திருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா, அந்தத் தொட்டியில் செத்த மீன் ஏதாவது கிடக்கிறதா. பெரிய சினை மீனைத் தேடி எடுக்காதீர்கள், பயண அலைச்சலில் அதுதான் முதலில் போகும். நடுத்தர வயதுப் பெண்ணாக எடுங்கள், பெரும்பாலும் ஏற்கெனவே சினைப்பட்டுத்தான் இருக்கும்.

அக்கா மகள் கடைசியில் சிவப்புப் பிளாட்டி ஆறு வாங்கினாள். ஃபில்டர் பக்கத்தில் கிளிஞ்சல் பை தொங்குகிறது. மீன் வந்த பையை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, வலையில் அள்ளி மீனை மட்டும் விட்டதாகப் படம் அனுப்பினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பெண்களுக்கு வயிற்றடியில் பொட்டு கருத்திருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்துக்குள் செடி வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறேன்.